கை பட்டுவிட்டது

தம்பி மனைவியின் கைக்கு மாவுக்கட்டு போட்டதே அக்காதான். அந்த ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில், கட்டுப் போடும் அறையில் அவள் பல வருடங்களாக வேலை பார்த்தாள். டாக்டர்கள் முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘கட்டு அக்கா’. “ஊருக்கெல்லாம் நான் கட்டறேன், என்னைக் கட்டிக்கத்தான் ஆளில்ல” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று தம்பி முன்னால் வந்தான். பின்னால் அவன் மனைவி, வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன்தான் சொன்னான். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, ஆனால் விலகவில்லை, கட்டுப் போட்டால் நேராகச் சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

பஞ்சைச் சுற்றும்போதுதான் அக்கா புறங்கையைக் கவனித்தாள். விரல்களுக்குக் கீழே குறுக்காக ஒரு நீலக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருந்தது. விழுந்தவர்கள் கையில் அப்படிக் கோடு விழாது. அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி கதவருகே நின்றிருந்தான். அக்கா மாவுத்துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து சுற்றினாள். அது இறுகும்வரை தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு இறுகும்போது சூடேறும்.

“சுடுதா?” என்று கேட்டாள்.

“இல்ல அண்ணி.”

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

தம்பி மனைவி ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள். சாக்பீஸால் நாலு கோடு இழுத்துவிட்டுப் பெரிய கத்தரிக்கோலை எடுத்தாளென்றால் துணி தானாக விலகி வழிவிடும் என்பார்கள். கட்டிங் மாஸ்டர் என்பது சுருங்கி, கடையில் அவளுக்கு ‘மாஸ்டர்’ என்றே பெயர். வீட்டில் அவள் மகள் குட்டிகூட, பசி வந்தால் “மாஸ்டர், சாப்பாடு” என்றுதான் கூப்பிடுவாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் சிக்கிக்கொண்ட மனிதர்களை வெளியே எடுப்பதில் பெயர் வாங்கியவன். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே தவிக்கிறவர்களிடம் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு தன்மையாகப் பேசுவான். அந்தக் குரலைக் கேட்ட யாரும் அவனைப் பற்றித் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மாஸ்டருக்குக் கை முடியாததால் குட்டியைக் கொஞ்ச நாள் அக்கா தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது, கண்ணாடியைப் பார்த்தபடியே குட்டி சொன்னாள்.

“அப்பா கதவை அடிச்சுச் சாத்தினாரு அத்தை. அம்மா கை நடுவுல இருந்துச்சு.”

அக்காவின் விரல்கள் பின்னலில் நின்றன.

“காத்துல சாத்தியிருக்கும்டா.”

“காத்து இல்ல. அப்பா.”

“அப்படியெல்லாம் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அப்பாவுக்கு வேலை போயிடும். சரியா?”

குட்டி கையிலிருந்த ரிப்பனை அத்தையிடம் நீட்டினாள்.

அக்கா கெட்டவள் இல்லை. தம்பிக்கு விவரம் தெரிவதற்குள் அம்மா போய்விட்டாள். அப்பா பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் தம்பியைச் சுவரோரம் தள்ளி, தன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் அவள். அந்த வீட்டில் யாரும் ‘அப்பா அடிச்சார்’ என்று சொன்னதில்லை. ‘அப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு’ என்பார்கள், மழை வந்துடுச்சு என்பது மாதிரி. தம்பிக்கு முன்னால் போய் நிற்பது அவள் உடம்புக்குப் பழகிப்போன காரியம். எதிரில் இருப்பது யார் என்று பார்க்காமலே அது நடந்துவிட்டது.

கட்டைப் பிரிக்க மாஸ்டர் வந்தபோது, சுண்டுவிரல் பக்கம் மாவு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தது. எங்கே பட்டது என்று அக்கா கேட்டாள். இடித்துக்கொண்டேன் என்றாள் மாஸ்டர். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு விலகி, விலகிய இடத்திலேயே கோணலாகச் சேர்ந்திருந்தது. பயிற்சி செய்தால் ஓரளவு சரியாகும் என்றார் டாக்டர். ஓரளவுதான் சரியானது. மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கவில்லை. கடையில் கத்தரிக்கோலை எடுத்தவள், பாதித் துணியில் அதைக் கீழே போட்டாள். இரண்டாவது முறையும் போட்டாள்.

கடை ஒரு விதவை அம்மாளுடையது. எல்லோரும் கடைக்காரம்மா என்பார்கள். பத்துத் தையல் மெஷின் ஒன்றாக ஓடினாலும் அதற்கு மேலே கேட்கும் குரல். அந்த அம்மாள் அன்று ஒன்றும் பேசாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாஸ்டர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மாஸ்டர் முதல்முறையாக வாய் திறந்தாள். கல்யாணமான வருடத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

போலீஸுக்குப் போகலாம், நானே கூட வருகிறேன் என்றாள் கடைக்காரம்மா. மாஸ்டர் மறுத்தாள். முன்பு ஒருமுறை போயிருக்கிறாள். அங்கே கணவனையும் வரவழைத்து உட்காரவைத்து, இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, குழந்தை முகத்தைப் பாருங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு அந்த டீக்கும் சேர்த்து அடி வாங்கினாள்.

“அவர உள்ள வச்சாலும் வெளிய வரும்போது அதே ஆளாத்தான் வருவாரு” என்றாள். “எனக்கு அவர் வீட்டை விட்டுப் போகணும். செஞ்சத அவர் வாயால சொல்லணும், சுத்தி இருக்கறவங்க கேக்கணும். கடைசியா குட்டிகிட்ட சொல்லணும். அவ ராத்திரியெல்லாம் எழுந்து கதவைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறா.”

யார் யார் கேட்க வேண்டும் என்பதை மாஸ்டரே முடிவு செய்தாள். தம்பியோடு ஜோடியாக வேலை பார்க்கும் நெட்டை. கீழ் வீட்டில் இருக்கும் புரூஃப் சார், பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்துகிறவர். கடைக்காரம்மா. பிறகு, அண்ணி.

“அவங்க எதுக்கு? அவனோட அக்காவாச்சே” என்றாள் கடைக்காரம்மா.

“அவர் பொய் சொன்னா அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்” என்றாள் மாஸ்டர்.

கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று மத்தியானங்களில் கூடினார்கள். மாஸ்டர் மட்டும் வரவில்லை. கட்டிங் டேபிளைச் சுற்றி முக்காலிகள், மூலையில் தலையில்லாத பொம்மைக்கு மாட்டிய, பாதி தைத்த கோட்டு. நெட்டைதான் தம்பியை அழைத்து வந்தார். அன்றே தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, நீ இனிமேல் அவள் இருக்கும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவனிடம் சொன்னவரும் அவர்தான். பல வருடம் ஒரே கயிற்றில் தொங்கி வேலை பார்த்தவர்கள். நெட்டை சொன்னதற்காக மட்டுமே அவன் வந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டதும் வேகவேகமாகச் சொன்னான்.

“வாக்குவாதம் வந்துச்சு. கோவம் தலைக்கேறிடுச்சு. கதவு சாத்திக்கிச்சு, கை மாட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடியும் ஒண்ணு ரெண்டு தடவை கை பட்டுடுச்சு. அவ்வளவுதான்.”

புரூஃப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

“இவ்வளவு நேரம் நீ சொன்னதுல வாக்குவாதம் வந்துச்சு, கோவம் வந்துச்சு, கதவு வந்துச்சு” என்றார். “நீ மட்டும் வரவே இல்லையேப்பா.”

தம்பி எழுந்து நின்றான். நெட்டை அவன் தோளில் கை வைத்தார், அழுத்தவில்லை. புரூஃப் சாரே தொடர்ந்தார். மாடியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரேடியோவைப் பெரிதாக வைத்தது தான்தான் என்றார். குடும்ப விஷயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். அதைச் சொல்லாமல் அவனை மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது என்றார்.

குட்டி தன்னிடம் சொன்னது அக்காவுக்கும் அந்த நிமிடம் வாய் வரை வந்தது. தம்பி முகத்தைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

ஞாயிறுதோறும் இப்படியே போனது. ஒரு வாரம் அவன் வராமல் இருந்தான். நெட்டை போய் அவன் வேலை செய்த கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கூட்டி வந்தார். ஒரு வாரம் மாஸ்டரைக் குறை சொன்னான், அவளுக்கு வாய் அதிகம், கடையே கதி என்று கிடக்கிறாள் என்றான். அவளைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை என்றாள் கடைக்காரம்மா. ஒரு வாரம் தேம்பித் தேம்பி அழுதான். அக்கா எழுந்து அவன் பக்கம் போனாள். கடைக்காரம்மா அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவன் பக்கம் ஒரு துண்டுத் துணியைத் தள்ளினாள்.

“அழுதுட்டுச் சொல்லு. எங்களுக்கு அவசரமில்ல.”

இன்னொரு வாரம், எல்லோரும் கிளம்பிய பிறகு படிக்கட்டில் தம்பி அக்காவை நிறுத்தினான்.

“நான் அப்பா மாதிரியாக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாய் எழுந்தது. சிறு வயதிலிருந்து அவனுக்கு அவள் கொடுத்த பதில்களெல்லாம் ‘இல்லடா’தான்.

“அப்பா சாகறவரைக்கும் எங்கிட்ட ஒரு தடவைகூட ‘நான் அடிச்சேன்’னு சொன்னதில்ல” என்றாள். “நீயாவது சொல்லிடுடா.”

அடுத்த ஞாயிறு அவன் சொன்னான். யாரையும் பார்க்காமல், டேபிளில் கிடந்த இஞ்ச் டேப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் வேலைக்குக் கிளம்பினாள். போகாதே என்றேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். அவள் கை அங்கே இருந்தது எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நான் கதவை அடித்துச் சாத்தினேன். அவள் கத்தினாள். நான் உடனே திறக்கவில்லை.

நெட்டை எழுந்து வெளியே போய், ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவில் நின்றார். அக்கா டீக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள். மாவு சூடேறியபோது தன் கைக்குள் இருந்த அந்தக் கை அவளுக்கு நினைவு வந்தது.

மிச்சம் இருந்தது குட்டி. மாஸ்டர் தானும் கூட இருப்பேன், ஆனால் அவர் கண்ணில் படமாட்டேன் என்றாள். துணி போட்டுப் பார்க்கும் மூலையில் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்காவும் மற்றவர்களும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். குட்டி கட்டிங் டேபிளின் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம்.

தம்பி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தான், அவள் கண்ணுக்கு நேராக.

“குட்டி, அம்மா கை வழுக்கி விழுந்ததுல உடையல. நான்தான் உடைச்சேன். கதவை அடிச்சு உடைச்சேன். அது அம்மா தப்பு இல்ல, உன் தப்பும் இல்ல. நான் பண்ணினது.”

குட்டி கொஞ்ச நேரம் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்ப்பா” என்றாள். “நான் பாத்தேன். அத்தைகிட்டக்கூட சொன்னேனே. அத்தைதான் காத்துன்னு சொன்னாங்க.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் பைக்குள் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். திரை விலகியது. மாஸ்டர் வெளியே வந்தாள். கணவனை அவள் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்தாள், அதுவும் அதிக நேரமில்லை. குட்டியை டேபிளிலிருந்து இறக்கி, சரியாக இருந்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த ஞாயிறு அக்கா வழக்கமான முக்காலியில் உட்காரப் போனபோது, கடைக்காரம்மா தம்பிக்குப் பக்கத்தில் இருந்ததைக் காட்டினாள். இன்றைக்கு அந்தப் பக்கம் உட்கார் என்றாள். குரலில் கோபம் இல்லை. அக்கா மாறி உட்கார்ந்தாள். மாஸ்டரும் வந்திருந்தாள், முதல்முறையாகத் திரை இல்லாமல்.

அக்கா ஆரம்பித்தாள். குழந்தை ஏதோ சொல்கிறது என்று நினைத்தேன் என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை நெருக்கடி என்றாள். பயம் வந்துவிட்டது என்றாள். புரூஃப் சார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எதுவும் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அக்காவுக்கே தன் பேச்சு காதில் விழுந்தது.

“நான் மறைச்சேன்” என்றாள். “கட்டுப் போடும்போதே எனக்குத் தெரியும். குட்டி சொல்லி உறுதியாச்சு. தெரிஞ்சும் நான் மறைச்சேன். அவ வாயையும் நான்தான் மூடினேன்.”

மாஸ்டர் வலது கையை டேபிளின் மேல் வைத்தாள். இரண்டு விரல்கள் நிமிர்ந்தபடியே நின்றன.

“முதல் எக்ஸ்ரேல எலும்பு விலகலன்னு டாக்டர் சொன்னாரு, ஞாபகம் இருக்கா அண்ணி? கட்டு போட்ட பிறகு ஒரு நாள் அவர் என்னைச் சுவத்துல தள்ளினாரு. இந்தப் பக்கம்தான் போய் இடிச்சுது. அப்பதான் விலகுச்சு. குட்டி உங்ககிட்ட சொன்னது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி” என்றாள் அக்கா.

மாஸ்டர் தலையசைத்தாள். கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல. தம்பி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அவன் மெல்ல, நீ அன்றைக்கே என்னைக் கேட்டிருந்தால் என்று தொடங்கினான். கடைக்காரம்மா கையைத் தூக்கினாள்.

“தள்ளினது நீ. அதை அவ தலையில கட்டாத.”

அவன் தன் முக்காலிக்குத் திரும்பினான். கடைக்காரம்மா சொன்னது சரி என்று அக்காவுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவளுக்கு அது எந்த ஆறுதலையும் தரவில்லை.

அதன்பிறகு நடந்தவற்றைச் சொன்னால் சிலருக்கு நல்லபடியாக முடிந்ததுபோலத் தோன்றலாம். தம்பி மறுபடி யார் மேலும் கை வைக்கவில்லை. வேலை இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மனைவியை அடித்ததைப் பெருமையாகச் சொன்னபோது, தன் கதையை அவனுக்கு முழுதாகச் சொன்னான் என்று நெட்டை வந்து சொன்னார். ஞாயிறு கூடுவது நிற்கவில்லை. குட்டி ராத்திரியில் எழுந்து கதவைத் தொட்டுப் பார்ப்பதை மெல்ல விட்டாள். ஆனால் மாஸ்டரின் விரல்கள் மடங்கவில்லை. அவள் சாக்பீஸால் கோடு போட்டுக்கொடுத்தாள், வெட்டுவது வேறொரு பெண். அந்தப் பெண் வெட்டும் ஒவ்வொரு துணியையும் மாஸ்டர் பார்த்துக்கொண்டே நிற்பாள், பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். தம்பி ஒருமுறை நெட்டை மூலமாக, திரும்பி வரலாமா என்று கேட்டு அனுப்பினான். அவர் மாறியதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் கதவிலிருந்து கையை இழுத்துக்கொள்கிறேன், அதனால் வேண்டாம் என்று பதில் வந்தது. அவன் திரும்பக் கேட்கவில்லை.

பிறகு வேறோர் ஊரில் சீருடை தைக்கும் பெரிய தொழிற்சாலையில் மாஸ்டருக்கு வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அளவு போடக் கற்றுக்கொடுக்கும் வேலை, கத்தரிக்கோலைத் தொடவேண்டியதில்லை. கடைக்காரம்மாதான் யாரையோ பிடித்து ஏற்பாடு செய்தாள். சாமான் கட்டும் நாளுக்கு முன்பு அக்கா போன் செய்து, உதவிக்கு வரலாமா என்று கேட்டாள்.

“வாங்க” என்றாள் மாஸ்டர்.

அக்கா அட்டைப்பெட்டிகளை மடித்து, டேப் ஒட்டி, பாத்திரங்களைத் துணியில் சுற்றி வைத்தாள். ஒரு கையால் முடியாத வேலைகள் எவை என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. பேச்சு பெரும்பாலும் பெட்டிகளைப் பற்றியே இருந்தது. வண்டி வந்து எல்லாம் ஏறிய பிறகு குட்டி அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். விட மனமில்லாமல் அல்ல, பழக்கத்தால் கட்டிக்கொண்டு விட்டுவிட்டாள்.

“அங்க வந்து பாக்கலாமாம்மா?” என்று அக்கா மாஸ்டரிடம் கேட்டாள்.

“கேட்டுட்டு வாங்க அண்ணி. சில தடவை வேண்டாம்னு சொல்வேன். கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லும்மா.”

வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா நடந்தாள். தம்பி அன்று அந்தப் பக்கம் வரக்கூடாது என்று பேசியிருந்தார்கள், அவனும் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டுக் குழியில் கயிறுகள் தொங்கின. அவன் கையைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

“கெளம்பிட்டாங்களா?”

“ம்.”

“குட்டி என்னைக் கேட்டாளாக்கா?”

அவன் கண்கள் சின்ன வயதில் இருந்தது போலவே இருந்தன. கேட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று அவன் சாப்பிடுவான், தூங்குவான்.

“கேக்கலடா” என்றாள் அக்கா.

அவன் தலையை ஆட்டினான். துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்தவைதான். உள்ளேயிருந்து நெட்டை ஸ்பேனரைக் கேட்டார். அவன் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான். அக்கா அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் வேலை முடியும்வரை அங்கேயே இருந்தாள்.